ஆளுக்கொரு குளிசை

ராத்தாவால் தனியாகச் சாப்பிட முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சொல்லச் சுலபம். ஒரு வாழைப்பழத்தை உரித்தால்கூடப் பாதியை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் உரித்த பழத்தைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பழம் கறுக்கும்வரை நின்றார் என்றால் நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகிவிடும். ஆனால் நின்றார், என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் மாத்தளை டவுனில் ஒரு டொக்டரின் டிஸ்பென்சரியில் வேலை செய்தேன். மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, புண்ணுக்கு மருந்து கட்டுவது, டொக்டர் இல்லாத நேரத்தில் டொக்டரைப் போலவே முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, எல்லாம் என் பொறுப்பு. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்த வேதக்காரக் குடும்பத்துப் பெண் நான். டவுனில் எல்லாருக்கும் 'மிஸ்ஸி'. கோபக்கார மிஸ்ஸி என்றும் சொல்வார்கள், அது பொய்யில்லை.

ராத்தாவின் வீடு டிஸ்பென்சரிக்குப் பின்னால் உள்ள சந்தில் இருந்தது. அவருக்கும் ஒரு பெயர் உண்டு. ஆனால் சந்தில் சிறிசு பெரிசு எல்லாரும் ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய கணவரே ஒன்றிரண்டு தரம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன்.

ராத்தா பருமனாக இருந்தார். பருமன் என்றால் சும்மா இல்லை. டிஸ்பென்சரிக்கு மூன்றே படிகள். படிக்கு ஒரு ஸலவாத்து, நபிக்கு வாழ்த்து, ஓதித்தான் ஏறுவார். அதற்குக் காரணம் பெருந்தீனி என்று ஊர் சொன்னது. எனக்குத் தெரிந்த காரணம் வேறு. காலையில் பால்காரர் வந்தால் அவருக்கு ரொட்டியும் சம்பலும் வைப்பார். அவர் தனியாகச் சாப்பிடக் கூச்சப்படுவார் என்று தானும் ஒரு ரொட்டி எடுப்பார். பத்து மணிக்குப் பல்லேபொலயிலிருந்து உறவுக்காரப் பெண் வந்தால் அவளோடு ஒரு கோப்பை சோறு. பகலில் கணவரோடு. பின்னேரம் பக்கத்து வீட்டுத் தையல்காரியோடு. ஒரு நாளைக்கு எட்டுப் பேர் வந்தால் ராத்தாவுக்கு எட்டுச் சாப்பாடு. மரியாதை செய்தே மனுசி ஊதிப்போனார்.

முழங்கால் இரண்டும் தேய்ந்து, சீனி வருத்தமும் வந்து, கழிவறைக்குப் போகவும் ஒருவர் கை கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது கட்டாரிலிருந்து அவருடைய தம்பி லீவில் வந்தார். பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாராம். அவர்தான் ராத்தாவைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய், இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலைக் கொஞ்சம் கீழே கொண்டுபோய்ப் பொருத்துகிற அந்த ஒப்பரேசனைச் செய்வித்தார். யுத்தம் முடிவதற்கு நாலைந்து வருடம் முந்தி நடந்தது இது. மாத்தளையில் அப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை. "வயித்தத் தச்சுப்போட்டாங்களாமே" என்று சந்தே திரண்டு பார்க்க வந்தது. ராத்தா வந்தவர்களுக்கெல்லாம் வட்டிலப்பம் கொடுத்தார். தான் ஒரு தேக்கரண்டி எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் முடிக்கும்வரை அதையே மென்றார்.

ஆறு மாதத்தில் பழைய அபாயாவுக்குள் இரண்டு ராத்தா நிற்கலாம் போல ஆகிவிட்டது. படிக்கு ஸலவாத்து தேவைப்படவில்லை. துள்ளிக்கொண்டு ஏறினார்.

சென்னை டொக்டரின் கடிதத்தை எங்கள் டொக்டர் வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, இவங்களுக்கு இனி சாப்பிடுறதுல உள்ள சத்து முழுசா உடம்புல சேராது. விட்டமின், இரும்பு, கல்சியம் எல்லாம் குளிசையாத்தான் உள்ள போகணும். மாசம் ஒரு பி-டுவெல் ஊசி. உயிரோட இருக்கிற வரைக்கும் நிப்பாட்டக் கூடாது. பொறுப்பு உங்களோடது."

பொறுப்பு என்று சொன்னால் எனக்குத் தலைக்கனம் வந்துவிடும். கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் மணி போட்டு எழுதிக் கொடுத்தேன். இரும்பும் கல்சியமும் ஒன்றாகப் போகக் கூடாது, நடுவில் இரண்டு மணித்தியாலம் இருக்க வேண்டும். இரும்புக் குளிசைக்கு மேலே தேத்தண்ணி குடிக்கக் கூடாது.

"தேத்தண்ணி குடிச்சா என்ன?"

"இரும்பச் சேர விடாது ராத்தா."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "நீங்க தோட்டத்துப் புள்ள. ஒங்கட உம்மா கொழுந்து பறிச்சுத்தானே ஒங்கள வளத்த? ஒங்கட வாயாலயா தேத்தண்ணியப் பத்தி இப்பிடிச் செல்ற?"

எனக்கே அம்மாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. ராத்தா என் பேச்சை மிகவும் மதித்தார். கேட்கத்தான் இல்லை.

தம்பி கட்டாரிலிருந்து பார்சல் அனுப்புவார். பெரிய பெரிய போத்தல்களில் குளிசை. சப்பித் தின்கிற கல்சியம் தோடம்பழ ருசியில் இருக்கும். ராத்தா டிஸ்பென்சரிக்கு வரும்போதெல்லாம் கைப்பையைத் திறந்து எனக்கும் ஒன்று நீட்டுவார். "கண்ணெல்லாம் வெளிறி ஈக்கி மிஸ்ஸி. தின்னுங்க." ராத்தா நீட்டினால் வாங்காமல் இருக்க முடியாது. முகம் வாடிவிடும். அந்த முகம் வாடுவதை யாராலும் தாங்க முடியாது. வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, "பெறகு தின்னுறேன்" என்பேன்.

அவருடைய சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அது முதல் சஹன் சாப்பாடு. பெரிய தாம்பாளம் ஒன்றில் சோற்றைக் குவித்து, மேலே கோழியும் கறிகளும் வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. ராத்தாவின் சஹனில் இடம்பிடிக்கப் பெண்களுக்குள் ஒரே தள்ளுமுள்ளு. முன்பு அவருக்குப் பயந்து தூர ஓடியவர்கள்தானாம். இப்போது அவர் மூன்று பிடிதான் சாப்பிடுவார், மிச்சப் பங்கு மற்ற ஐந்து பேருக்கு. அவரோ கோழியைப் பிய்த்துப் பிய்த்து எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"மிஸ்ஸிட பக்கம் எறச்சி இல்ல. அங்கால இழுங்க!"

சாப்பிட்டு முடிந்ததும் கைப்பையைத் திறந்து போத்தலை எடுத்தார். எல்லார் கையிலும் ஒவ்வொரு கல்சியம் வைத்தார். பிறகுதான் தன்னுடையதை எடுத்தார். "நீங்க தின்ற நேரம் நானும் கூட ஈந்ததானே? இப்ப நான் தின்ற நேரம் நீங்க சும்மா ஈக்கேலா." எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். கல்யாண வீட்டுக் கூத்து என்று நினைத்துவிட்டேன்.

ஊசி விசயத்திலும் எனக்குப் புத்தி வரவில்லை. முதல் மாதங்களில் ஒழுங்காக வந்து போட்டுக்கொண்டார். ஒரு நாள் தையல்காரியைக் கையோடு கூட்டிவந்து, "இவக்குக் கை விறைக்குதாம், பாவம். இந்த மாசம் என்ட ஊசிய இவக்குப் போடுங்க மிஸ்ஸி" என்றார். நான் போட்ட சத்தத்தில் தையல்காரி செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு ராத்தா ஊசிக்கு வரவில்லை. கேட்டால், "கண்டியில தங்கச்சிட வீட்டுக்குப் போன நேரம் அங்க போட்ட" என்பார். கண்டியில் போடட்டும், இங்கே என் சத்தத்துக்குப் பயந்துவிட்டார் என்று இருந்துவிட்டேன்.

இப்படியே ஒன்றரை வருடம் போனது. ஒரு நாள் பகல் ஒரு மணி போல ராத்தா வந்தார். வழக்கம் போலச் சிரித்த முகம். ஆனால் வலது காலில் மட்டும் செருப்பு.

"ராத்தா, மத்த செருப்பு எங்க?"

"ஈக்குதே" என்றார், குனிந்து பார்க்காமலே.

"பாருங்க."

பார்த்தார். இடது கால் வெறுங்காலாக இருந்தது. வெயிலில் தாரெல்லாம் உருகிக் கிடந்த நேரம். உள்ளங்காலில் கொப்புளம் கிளம்பியிருந்தது. ராத்தா கொஞ்ச நேரம் அந்தக் காலையே யாருடையதோ என்பது போலப் பார்த்தார். பிறகு சிரித்தார். "எங்கயோ கழண்டு உழுந்தீக்கி. தெரியவே இல்ல." செருப்பு பள்ளிவாசல் முனையில் கிடந்தது, யாரோ கழற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டொக்டர் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் ஊசியாலும் இரண்டு காலையும் தொட்டுப் பார்த்தார். இடது காலில் முழங்கால்வரை ஒன்றும் தெரியவில்லை. வலது காலில் பாதம் மட்டும் மரத்திருந்தது.

"பி-டுவெல் குறைஞ்சா நரம்பு செத்துக்கிட்டே வரும்" என்றார் டொக்டர். "கண்டிக்குப் போய் ரத்தம் சோதிச்சிட்டு வாங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டா இந்தக் கால் திரும்பாது."

ராத்தா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அந்தச் சந்தில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியவில்லை என்று தினமும் வீடுவீடாக நடந்து பார்ப்பவர். பருமனாக இருந்த காலத்தில் அது முடியாமல் தவித்தவர். காலுக்காகத்தான் கத்தியின் கீழே படுத்தார்.

"கால் போனா மிஸ்ஸி, நான் யாரப் பாக்கப் போற?" என்று கேட்டார்.

மறுநாள் நானே அவரைக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். என்னுடைய அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய் அதைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டான். யுத்த காலம், எல்கடுவக்காரியாக இருந்தாலும் பெயர் தமிழ்ப் பெயர்தானே. எங்கே போகிறாய், ஏன் போகிறாய், யாரிடம் போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே இருந்தான். அதற்குள் ராத்தாவின் பையைக் கிளறிய மற்றவன் போத்தலைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்றான்.

"விட்டமின், புதே" என்று ராத்தா அவனை மகனாகவே ஆக்கிவிட்டு, மூடியைத் திறந்து அவன் உள்ளங்கையில் ஒரு குளிசையை வைத்தார். என் அட்டையை வைத்திருந்தவனுக்கும் ஒன்று. வெயிலில் நிற்கிற பிள்ளைகள், உடம்புக்கு நல்லது, சாப்பிடுங்கள் என்று சிங்களத்தில் உபசரித்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குளிசையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு என் அட்டையைத் திருப்பித் தந்தார்கள்.

பஸ் கிளம்பியதும் எனக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் கண்ணும் திறந்தது. கட்டார்ப் பார்சல் வந்து மூன்று கிழமை, அதாவது மூன்று வாரம், கூட ஆகவில்லை. போத்தலை வாங்கி ஆட்டினேன். அடியில் நாலைந்துதான் கலகலத்தது.

"ராத்தா, மிச்சம் எங்க?"

"வார ஆக்களுக்குக் குடுக்காம நான் எப்பிடி மிஸ்ஸி தனிய தின்ற?"

பால்காரருக்கு, தையல்காரிக்கு, பள்ளிவாசல் மோதினாருக்கு, தபால்காரருக்கு, பல்லேபொலப் பெண்ணுக்கு என்று விரல் மடக்கிக்கொண்டே வந்தார். இரும்புக் குளிசையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்களா என்று பதறிப்போய்க் கேட்டேன், அது சின்னப் பிள்ளைக்கு விசம். "சே, பிள்ளையளுக்கு டொபிதான்" என்றார். மூன்று மாதப் போத்தல் மூன்று கிழமையில் முடியும். அடுத்த பார்சல் வரும்வரை சும்மா இருப்பார். தம்பி அனுப்பிய ஊசி மருந்து? அதைப் பெட்டியோடு கண்டியில் தங்கச்சியின் மாமியாருக்குக் கொடுத்திருந்தார். அந்த அம்மாவுக்குக் கால் எரிச்சலாம்.

கண்டி வரும்வரை நான் வைதேன். முன் சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ராத்தா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்டி ஸ்டாண்டில் இறங்கும்போது, "தொண்டை காஞ்சீக்கும். ஒரு சோடா வாங்கிப் பாதி பாதி குடிப்பமா?" என்றார். இந்த மனுசியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

சோதனையில் டொக்டர் சொன்னபடியே பி-டுவெல் அடிமட்டத்தில் இருந்தது. ராத்தாவின் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர், பேச்சில் படு சிக்கனம். கேட்டுவிட்டுப் போனார். அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு வெறும் பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு சந்தில் வீடு வீடாக ஏறி இறங்கினார். "ராத்தா தந்த குளிசை மிச்சம் ஈக்கா?" வாய் தவறினாரோ வேண்டுமென்றே சொன்னாரோ தெரியாது.

எல்லா வீட்டிலும் மிச்சம் இருந்தது. மிச்சம் என்ன, முழுவதும் இருந்தது. தையல்காரியின் பொத்தான் டின்னில் பொத்தானோடு பொத்தானாகக் கிடந்தது. மோதினார் கடதாசியில் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தார். பால்காரர் சைக்கிள் பையைக் கவிழ்த்தார். கண்டிக்கு ஆள் அனுப்பியதில் ஊசி மருந்துப் பெட்டிகள் அலுமாரிக்குள் உடைக்காமலே இருந்தன. சந்தில் ஒருவரும் ஒரு குளிசையைக்கூட விழுங்கவில்லை. என்ன குளிசையோ என்று பயம், வேண்டாம் என்று சொல்ல அதைவிடப் பயம். சோதனைச் சாவடிச் சிப்பாய்களிடம் மட்டும்தான் கேட்கப் போகவில்லை.

கடைசியாக அவர் டிஸ்பென்சரிக்கு வந்து டின்னை என் மேசையில் வைத்தார். நான் லாச்சியை இழுத்தேன். உள்ளே குளிசைகள் உருண்டு வந்தன. பஸ்ஸில் அத்தனை பேர் பார்க்க ஒரு மனுசியை வைத வாய் என்னுடையது. ஒவ்வொரு தரமும் என் கண் முன்னாலே அவர் தன் காலைத்தான் கிள்ளிக் கிள்ளி எனக்குத் தந்திருக்கிறார். நான் அதைப் பேனையோடும் பிளாஸ்டரோடும் போட்டு வைத்திருக்கிறேன். அன்று வந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. அள்ளி டின்னுக்குள் போட்டேன். நானும் அவரோடு போனேன்.

ராத்தா பாயில் உட்கார்ந்திருந்தார். டின்னைத் திறந்து பார்த்தார். கையை உள்ளே விட்டுக் கிளறினார்.

"ஒருத்தரும் தின்னல்லியா?"

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மிஸ்ஸி, நீங்களுமா?"

"ஆமா ராத்தா."

ராத்தாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரே தரம்தான். முகம் சிவந்துபோனது. "எல்லாரும் என்னோட சேந்து தின்ற எண்டு நான் நெனச்சுக்கொண்டீந்த. இவ்ளோ நாளும் நான் தனியத்தானா தின்ட?"

ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். என் வாயில் அது வராது. "ஆமா ராத்தா. ரெண்டு வருசமா தனியாத்தான் தின்னிருக்கீங்க. தனியாத் தின்னதால ஒண்ணும் ஆகலியே. இனியும் தின்னலாம்" என்றேன்.

அவர் என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை. டின்னில் இருந்ததெல்லாம் ஈரம் பட்டுப்போயிருந்ததால் டொக்டர் கொட்டச் சொல்லிவிட்டார். புதுப் போத்தல் வந்ததும் ராத்தாவுக்கு ரோசம் பிடித்துக்கொண்டது. பால்காரர் வந்து உட்கார்ந்தால் அவருக்கு ரொட்டியை வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, 'உனக்குத் தர மாட்டேன்' என்கிற மாதிரி குளிசையை விழுங்கினாராம். பால்காரர் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ரோசத்தில் ஒரு வேளைகூடத் தவறவில்லை. இரும்புக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் இரண்டு மணித்தியாலம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஊசி முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு கிழமைக்கு ஒன்று. அதற்கு என்னிடம்தானே வர வேண்டும்? சட்டையை விலக்கிக் கையை நீட்டிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். பத்தாவது நாள் என் மேசையில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தால் பனிஸ் என்கிற இனிப்பு பன், பாதி பிய்த்தது. பேச்சு வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் கால் வரவில்லை. கிழமைக்கு ஒரு தரம் நான் அவரைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுச் சோதித்து அட்டையில் எழுத வேண்டும். இங்கேதான் ராத்தா என்னை ஏமாற்றினார். பஞ்சை எடுக்கும் முன்பே "தெரியுது மிஸ்ஸி, நல்லாத் தெரியுது" என்பார். நான் பாடுபட்டு ஊசி போடுகிறேனாம், இல்லை என்றால் என் மனம் நோகுமாம். அதனால் நானும் ஒரு வேலை செய்தேன். பஞ்சை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, "தெரியுதா?" என்று கேட்டேன்.

"ஓ, தெரியுதே."

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையில் 'இல்லை' என்று எழுதினேன். அடுத்த கிழமையும் அதே கேள்வி, அதே பதில், அதே 'இல்லை'. இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம். வலது பாதம் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டு வந்தது. இடது கால் அப்படியே கிடந்தது. டொக்டரும் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் திரும்பி வரும்னு சொல்ல முடியாது மிஸ்ஸி" என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ராத்தாவின் காலுக்காக மெழுகுதிரி ஏற்றினேன். அந்தோனியார் முஸ்லிம் கால் என்று பார்க்க மாட்டார்.

ஐந்தாம் மாதம் ஒரு வியாழக்கிழமை. நல்ல மழை, டிஸ்பென்சரியில் வேறு ஆளில்லை. ராத்தா கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பஞ்சை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். கேட்கவே அலுப்பாக இருந்தது.

"தெரியுதா ராத்தா?"

பதில் வரவில்லை. தூங்கிவிட்டாரோ என்று முகத்தைப் பார்த்தேன். புருவத்தை நெரித்துக்கொண்டு எதையோ காது கொடுத்துக் கேட்பவர் போலக் கிடந்தார்.

"நீங்க இன்னம் தொடல்லியே மிஸ்ஸி."

பஞ்சை முன்னால் கொண்டுவந்து, பட்டும் படாமலும் இடது காலின் கடைசி விரலில் வைத்தேன்.

"இப்ப தொட்ட" என்றார். "சின்ன வெரல்ல."

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. ராத்தா கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னொருக்கா தொடுங்க" என்றார்.

தொட்டேன். கூசுது மிஸ்ஸி, கூசுது என்று காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, கட்டில் கிறீச்சிடச் சிரித்தார்.